சர்காவின் முதல் சால்

அன்று கட்டையை இழுத்துக்கொண்டு வந்த எங்கள் குதிரை சர்காவின் கழுத்துப்பட்டையில் காலிப் புகையிலைப் பை செருகியிருந்தது. நிரப்பி அனுப்பு என்று பொருள். என் கணவர் கவ்ரிலா மலைமேல் மரம் வெட்டிச் சங்கிலியில் கோப்பார். சர்கா ஆள் துணையில்லாமல் கட்டையோடு இறங்கி என் முன்னால் வந்து நிற்கும். நான் சங்கிலியைக் கழற்றிவிட்டு "மேலே போ" என்பேன். மரமுரேஷ் மலையில் எங்களைப் போன்ற சிறு குடியானவர்களின் குளிர்காலம் இப்படித்தான் கழியும்.

பாதிப் பைதான் நிரப்பினேன். சற்று நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"அடியே கஞ்சப் பிசினாறி! குருவிக்குப் போடுற மாதிரி போட்டிருக்கே!"

"குருவி உன்ன மாதிரி விடிய விடிய இருமாதுய்யா!"

அவர் சிரித்தது கேட்டது. அதன்பின் குதிரை வரவேயில்லை. ஏறிப் போய்ப் பார்த்தேன். பனியில் சாய்ந்து கிடந்தார். நெஞ்சு நின்றுபோயிருந்தது. கட்டையைக் கோத்து முடித்திருந்தார். போ என்று சொல்ல ஆளில்லாமல் சர்கா அவர் பக்கத்திலேயே நின்றது.

பனி உருகி, உருளைக்கிழங்கு நடும் காலம் வந்தது. கொழுந்தன் சிமியோன் வந்தான்.

"அண்ணி, இந்தக் குதிரையக் கட்டி மேய்க்க உங்களால முடியாது. தரகன் சனிக்கிழமை லாரியோட வர்றானாம். குடுத்துருங்க."

"அந்த லாரி கசாப்புக்குத்தானே போகுது? குடுக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு இத ஏர்ல பூட்டி ஒரு சால் ஓட்டிக் காட்டுங்க. ஓட்டிட்டா நான் வாயே தெறக்கல."

மறுநாள் மேட்டு நிலத்தில் சிமியோன் மேழியைப் பிடித்தான். நான் கயிற்றைப் பிடித்துக் குதிரையின் தலைப்பக்கம் நின்றேன். அதட்டினேன், கெஞ்சினேன். சர்கா காலைத் தூக்கவில்லை. என் தோளில் மூக்கை வைத்துச் சொகுசாக நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் பலாகா அக்கா சிரித்தாள். "என்னடி, கல்யாணப் பொண்ணு நிக்கிற மாதிரி நிக்குது! மாப்பிள்ளை எங்கே?"

அழுகை வந்துவிட்டது. அவர்கள் பார்க்கக் கூடாது என்று கயிற்றை விட்டுவிட்டு நிலத்தின் கீழ்க்கோடிக்குப் போய் முகத்தைத் துடைத்தேன். பின்னால் சிமியோன் அலறினான்.

"அண்ணி! போகுது! ஐயோ, இது பாட்டுக்குப் போகுது!"

திரும்பினேன். கோடு கிழித்தாற்போல் சர்கா என்னை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. மேழியோடு அவன் தடுமாறிக்கொண்டே பின்னால் ஓடிவந்தான். குதிரை என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்கியபடி, சங்கிலியைக் கழற்றுவேன் என்று காத்திருந்தது. அப்போதுதான் விளங்கியது. அதற்கு நான் ஓட்டுகிறவள் இல்லை. வேலை முடிகிற இடம். அந்த இடத்தைத் தலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினால் எந்தக் குதிரை நகரும்?

"மேலே போ" என்றேன். அடுத்த சால் போட்டுக்கொண்டே ஏறியது.

மேலிருந்து சிமியோன் கத்தினான். "அண்ணி, அப்ப வருஷா வருஷம் நான்தான் மேழி பிடிக்கணுமா?"

"வாயே தெறக்கலைன்னியே தம்பி!"

சனிக்கிழமை வந்த தரகனுக்குப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து, வெறும் லாரியோடு அனுப்பிவைத்தவனும் சிமியோன்தான்.

பல வசந்தங்கள் போய்விட்டன. கீழே நான் நிற்கிறேன், மேழி சிமியோனிடம் இருக்கிறது. மேல்கோடியில் அவன் "போ" என்றாலும் சர்கா உடனே இறங்குவதில்லை. அவர் ஒரு கட்டையைக் கோக்க எடுக்கும் நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது.