இடப்பக்க வீக்கம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சாஆ என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நவ்சாத்தின் மகள் ஆப்ரினுக்கு ஆறு வயது. நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில் அவளுடைய கழுத்தின் இடப்பக்கம் வீங்கிச் சிவந்தது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. எச்சில் விழுங்கக்கூட அழுதாள்.

"போன வருஷமும் இதே இடந்தாங்க," என்றாள் ரசியா கணவனிடம். "கிளினிக்ல பொன்னுக்குவீங்கின்னு சொன்னாங்க. அது காதுக்குக் கீழதானே வரும்? இது தொண்டைகிட்ட இருக்கு."

நவ்சாத் பாதி வியாபாரத்தில் கடையை அடைத்தான். ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை ஆப்ரின் அம்மாவின் மடியில் தலையை ஒருபக்கமாய்ச் சாய்த்தபடியே கிடந்தாள்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் சாந்தினி இருவரையும் உட்காரச் சொன்னார்.

"தைராய்டு சுரப்பியில கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கு. பிள்ளைங்களுக்கு ரொம்ப அபூர்வமா வர்றது. தொண்டைக்குள்ளேர்ந்து அங்க போற மாதிரி சின்னதா ஒரு துளை பிறவியிலேயே இருக்கலாம். அதை அப்புறம் பார்ப்போம். சீழை இன்னைக்கே எடுக்கணும். வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்துது."

ரசியா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இவ வயித்துல இருந்தப்ப நாள் முழுக்க அடுப்புக்கிட்டயே நின்னேன். அதனாலயா டாக்டர்?"

"இல்லைம்மா. யாரு செஞ்சதாலயும் வந்தது இல்ல இது."

ரசியா தலையாட்டினாள். மனம் ஒப்பவில்லை.

ஆப்ரினை உள்ளே கொண்டுபோன பிறகு இருவரும் அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ மாசமா இருந்தப்ப வேலைக்கு ஆளு வச்சிருக்கணும்," என்றான் நவ்சாத். "உன்னை உக்கார வச்சிருக்கணும். நான்தான் விட்டுட்டேன்."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதுவரை அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"டாக்டர்தான் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல," என்று அவன் கையைப் பிடித்தாள். "நீங்களும் இல்ல. நானும் இல்ல." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது நம்பும்படியாக இருந்தது.

சீழ் வடிந்ததும் காய்ச்சல் இறங்கியது. கழுத்துப் புண் ஆறிய பிறகு, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து ஒன்றைக் குடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்ட துளை தெரிந்தது. இன்னொரு முறை மயக்கம் கொடுத்து, வாய்வழியாகவே அதைச் சுட்டு அடைத்தார்கள்.

வீக்கம் பிறகு வரவில்லை. ஆனாலும் ஆப்ரினுக்கு லேசாகச் சளி பிடித்தாலே ரசியாவின் விரல்கள் அவள் கழுத்தின் இடப்பக்கத்தைத் தேடிப் போய்விடும். ஆப்ரின் விளையாட்டை நிறுத்தாமல், தாடையை மட்டும் தூக்கிக் காட்டுவாள்.