தூங்க மறுத்த வாத்தும் ஏற்றுமதி நாற்காலியும்

"ஸ்பானிஷா? நமக்குத் தண்ணி பட்ட பாடு சார்" என்று முதலாளியிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டார் உதவி மேலாளர். எல்லாம் நாற்காலி ஆசை. தண்ணீர் மோட்டார் செய்யும் அந்தக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவுக்குத் தலைவர் தேவைப்பட்டார். ஸ்பானிஷ் மட்டுமே பேசும் ஓர் அம்மையார் மோட்டார் வாங்க வருகிறார். பேசி முடிப்பவருக்குப் பதவி. சொதப்பினால் பழையபடி உதிரிபாகக் கிடங்கு.

இலக்கண நூல்கள் பிடிகொடுக்கவில்லை. எனவே நூலகத்தின் குழந்தைகள் பகுதியில், முழங்கால் உயர நாற்காலியில் தொந்தியோடு ஒடுங்கி, தூங்க மறுக்கும் குட்டி வாத்தின் ஸ்பானிஷ் கதையை நெட்டுருப் போட்டார். இணைப்பாக வந்த குறுந்தகட்டில் ஒரு தாய் இழுத்து இழுத்துப் படித்திருந்தாள். அந்தத் தாலாட்டுக் குழைவும் இவர் குரலில் படிந்துவிட்டது. கட்டங்களுக்குள் சொல்லைத் தேடி வட்டமிடும் புதிர்களும் போட்டார். சாய்வாகக் கிடைத்த சொற்கள் தலையைச் சாய்த்தால்தான் ஞாபகம் வந்தன.

"கழுத்து சுளுக்கா?" என்றாள் மனைவி.

"உச்சரிப்பு."

"அந்தம்மா விலை கேட்டா வாத்தைக் காட்டப் போறீங்களா?"

பேச்சென்று வந்துவிட்டால் எல்லாம் தன்னால் வரும் என்று அவளை அடக்கிவைத்தார்.

நெடுந்தூரம் பறந்து வந்த அம்மையார் நேரே கூட்ட அறைக்கு வந்து ஏதோ கேட்டார். எல்லோர் கண்ணும் நம்மவர்மேல். அவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் தொடங்கினார்: "நிலா வந்துவிட்டது, குட்டி வாத்தே." ஜன்னலில் வெயில் கொளுத்தியது. அம்மையார் வெளியே பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார். பின்வாங்க வழியில்லை. தவளை தூங்கியது. மீன் தூங்கியது. வாத்து தலையை இறகுக்குள் செருகியபோது, அம்மையாரும் விலைப்பட்டியல்மேல் தலைவைத்து மெல்லக் குறட்டை விட்டார்.

"என்னய்யா சொன்னீங்க?" என்றார் முதலாளி.

"நம்ம தரத்தைப் பத்தி விளக்கினேன் சார். நிம்மதியாயிட்டாங்க."

"சரி, எழுப்புங்க."

புத்தகத்தில் யாரும் யாரையும் எழுப்பவில்லை. தலையை எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்; அகப்படவில்லை. தூங்குபவரை எழுப்புவது அந்த மொழிக்கே இழுக்கு என்று அடித்துவிட்டார்.

"நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்று தலையாட்டினார் முதலாளி.

உடனே பட்டறையில் இயந்திரங்கள் நின்றன. மேற்பார்வையாளர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். முதலாளியே அட்டை ஒன்றால் விசிறினார்.

மாலையில் அம்மையார் பளிச்சென்ற முகத்தோடு விழித்தார். நம்மவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்; கேட்ட விலைக்கே கையெழுத்தும் போட்டார்.

"என்னவாம்?"

"நம்ம மோட்டார் சத்தமே இல்லாம ஓடுதாம் சார்."

நாற்காலி கிடைத்தது. மறுநாள் அதில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்; எதிரே உட்கார்ந்து டையைத் தளர்த்தினார்.

"இந்த ஆர்டர் எடுத்ததிலேருந்து பொட்டுத் தூக்கமில்லைய்யா" என்றார். "மெதுவா ஆரம்பிங்க."