மணியக்காரர் வீட்டு ஜோடித் துப்பாக்கி

உஷாராணியும் அறிவுச்செல்வியும் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் பதினான்கு வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ போர் போட்டுக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்து ஹேமர் உடைந்துவிட்டது, குழாய் பற்றவில்லை என்று போன் வந்தால், பேசி விவரம் வாங்கிச் சாமானை லாரியில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். உஷாராணியின் பச்சைப்பயறு கடைசலில் பாதி அறிவுச்செல்விக்குப் போகும்; அவளுடைய அரிசிம்பருப்புச் சோறு இந்தப் பக்கம் வரும். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் மல்லசமுத்திரம் தாண்டி ஏரிக்காட்டூரில் இறங்குவார்கள். இறங்கியதும் ஒருத்தி வடக்கே போவாள், இன்னொருத்தி தெற்கே. ஊருக்குள் ஒருத்தி வீட்டு வாசலை மற்றவள் மிதித்ததில்லை.

இரண்டு குடும்பத்துக்கும் தண்ணீர்ப் புழக்கம் கிடையாது. கல்யாணம், சாவு, காதுகுத்து எதற்கும் போக்குவரத்து இல்லை. காரணம் உஷாராணி வாக்கப்பட்ட வீட்டில் இருந்த இரண்டு கைத்துப்பாக்கிகள்.

அவள் கணவன் சரவணக்குமாரின் முன்னோர் நல்லதம்பி என்பவர் வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் மணியக்காரர். ஒரு பெருமழை வருஷம் ஏரி உடையும் நிலைக்கு வந்ததாம். அறிவுச்செல்வி வாக்கப்பட்ட வீட்டின் சின்னண்ணன் என்பவர் மதகைத் திறக்கப் போனாராம். திறந்தால் கீழே இருக்கும் தன் வயல் அழிந்துபோகும் என்று மணியக்காரர் தடுத்தார். சின்னண்ணன் கேட்காததால் கரை மேலேயே சுட்டுவிட்டார் என்பது கதை. ஏரிக்கரையில் சின்னண்ணனுக்குக் கல் நட்டிருக்கிறது. கடப்பாரையை ஓங்கியபடி நிற்கும் உருவம். தை மாதம் அந்த வீட்டார் அதற்குப் பொங்கல் வைப்பார்கள். மணியக்காரர் வீட்டிலோ ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளை வெளியே எடுத்துச் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பார்கள். சுட்டது பாவம் என்று யாரும் அங்கே சொன்னதில்லை. எங்களை எதிர்த்தால் என்ன ஆகும் பார் என்கிற ஒரு மிதப்பு, வாய்விட்டுச் சொல்லாமலே அந்த வீட்டில் இருந்தது. ஊரும் அதைத் துப்பாக்கிக்காரர் வீடு என்றுதான் சொல்லும்.

தேர்தல் அறிவித்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். காலமாகிப்போன மாமனார் பெயரிலேயே லைசென்ஸ் இருந்தது. துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், அல்லது உபயோகத்தில் இல்லாத பழைய சாமான் என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கி வர வேண்டும் என்றார். சரவணக்குமார் ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் இருந்தான். சேலம் சூரமங்கலத்தில் செங்கோட்டையன் என்பவர் இருக்கிறார், போலீஸில் ஆயுதக் கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய துப்பாக்கி என்றால் உயிர் என்று ஏட்டே வழி சொன்னார். ஸ்டேஷனில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உஷாராணி போனாள்.

செங்கோட்டையன் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மாடி வீட்டில் இருந்தார். தேக்குப் பெட்டியை வாங்கி மேஜையில் வைத்துத் திறந்தார். சிவப்புத் துணி மெத்தையில் இரண்டும் தலைமாற்றிக் கிடந்தன. கைப்பிடி அக்ரூட் மரம். அதில் வெள்ளிக் கம்பியைப் பதித்துக் கொடியும் பூவுமாக இழைத்திருந்தது. பிடியின் அடியில் வாயைத் திறந்த சிங்கமுகம். குழலின் பின்பக்கம் தங்கக் கொடி ஓடியது. ஆனால் பாதி வேலைப்பாடு தெரியாதபடி, வருஷக்கணக்காகப் பூசிய சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிப் போயிருந்தது. அவர் எண்ணெய் தொட்டு, பல் விளக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தார். ஒரு மணி நேரம் ஆனது.

பிறகு ஒரு மெல்லிய ஊசியை எடுத்துக் குழலின் பக்கவாட்டில் எங்கேயோ நுழைக்கப் பார்த்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். இரண்டாவதையும் எடுத்து அதே மாதிரி செய்தார். அப்புறம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். விசையை அழுத்தினால் இந்தச் சக்கிமுக்கிக்கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பொறி இந்தக் குட்டிக் கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் விழும். அங்கே பற்றிய நெருப்பு ஒரு ஊசித்துளை வழியாகக் குழலுக்குள் போனால்தான் உள்ளே இருக்கிற மருந்து வெடித்துக் குண்டு வெளியே வரும்.

"அந்தத் துளை இதுல இல்லைம்மா. ரெண்டுலயும் போடவே இல்லை."

யாராவது பின்னால் அடைத்திருக்கலாமே என்று அவள் கேட்டாள். அவர் லென்ஸை அவள் கையில் கொடுத்தார். துளை இருக்க வேண்டிய இடத்தின் மேலேயே தங்கக் கொடி அறுபடாமல் ஓடியது. பரிசு கொடுப்பதற்கென்றே செய்த சாமான், அழகுக்கு வைத்துக்கொள்வது, இது ஒரு நாளும் சுட்டதில்லை, சுடவும் முடியாது என்றார். விசைக்குக் கீழே இருந்த வெள்ளித் தகட்டில் இங்கிலீஷ் எழுத்து துலங்கியிருந்தது. அதையும் படித்துத் தமிழில் சொன்னார். தாமஸ் வெல்பி என்ற சர்வே துரை 1839-இல் கொடுத்தது. 'காய்ச்சலில் கிடந்த என்னை நாற்பது நாள் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றிய மணியக்காரர் நல்லதம்பிக்கு.'

திரும்பி வரும்போது காரில் உஷாராணிக்கு ஒன்றும் ஓடவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அறிவுச்செல்வியின் முகம் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுபோனது.

அன்றைக்குச் சாயங்காலமே சரவணக்குமாருக்குப் போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கம் ரிக் ஓடும் சத்தத்தில் அவன் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டான். செங்கோட்டையன் எழுதிக் கொடுத்ததை மட்டும் ஸ்டேஷனில் கொடு, ஊரில் மூச்சுக் காட்டாதே என்றான். துப்பாக்கிக்காரர் வீட்டுத் துப்பாக்கி சுடாது என்று தெரிந்தால் டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள் என்பது அவன் கவலை. கொலை செய்யவில்லை என்று தெரிவதில் என்ன அசிங்கம் என்று அவள் கேட்டாள். டிரைவர் கூப்பிடுகிறான் என்று அவன் போனை வைத்துவிட்டான்.

ஒரு வாரம் அவள் மதியச் சாப்பாட்டில் சரியாகப் பேசவில்லை. சொன்னால் தன் வீட்டு மேல் இருந்த பழி நீங்கும். ஆனால் அறிவுச்செல்வி வீட்டில் கும்பிடுகிற சாமியே போய்விடுமே என்று தயங்கினாள். எட்டாம் நாள் அறிவுச்செல்வியே டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, என்னக்கா, எம்மேல ஏதாவது கோபமா என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அறிவுச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷப்படுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்த உஷாராணிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மாமாவுக்கு இது தெரியவே கூடாது என்றாள் அறிவுச்செல்வி. அவளுடைய மாமனார் காளியண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி பாவாயி போன பிறகு அவருக்கு அந்தக் கல்லும் தை மாதப் பொங்கலும்தான் எல்லாம். சுட்டுக் கொன்றார்கள் என்பது இல்லாவிட்டால் அது வெறும் கல் ஆகிவிடும் என்றாள்.

ஆனாலும் அவளால் மூன்று நாளுக்கு மேல் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. காலையில் அவருக்குக் காப்பி கொடுக்கும்போது சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

ஓட்டுப் போடுவதற்காகச் சரவணக்குமார் ஊருக்கு வந்திருந்தான். ஓட்டுக்கு முந்தின நாள் காலை பத்து மணி இருக்கும், காளியண்ணனின் டிவிஎஸ் மொபெட் மணியக்காரர் வீட்டு கேட் முன்னால் வந்து நின்றது. பின்னால் அறிவுச்செல்வி உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். சரவணக்குமார் வாசலில் செருப்பில்லாமல் நின்றான். வாங்க என்று சொல்வதா கூடாதா என்று தெரியாமல் தவித்ததை உஷாராணி உள்ளேயிருந்து பார்த்தாள். பிறகு அவன் தானாகவே கேட்டைத் திறந்துவிட்டான்.

"வாங்க, ஐயா."

காளியண்ணன் உள்ளே வந்தார். வீட்டுக்குள் ஏறவில்லை. வேப்பமர நிழலில் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தார். சரவணக்குமார் பெட்டியை எடுத்து வந்து, அவர் எதிரில் கீழே உட்கார்ந்து, துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தான். தகட்டில் இருப்பதை உஷாராணி படித்துச் சொன்னாள். பெரியவர் சட்டைப் பையிலிருந்து சேப்டி பின் ஒன்றை எடுத்தார். கூடவே கொண்டு வந்திருக்கிறார். குழலின் பக்கத்தில் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். வெயில் பட்டுத் தங்கக் கொடி மின்னியது. இரண்டாவதையும் அதே மாதிரி பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது பெரியவர் உடைந்துபோவார் என்று அறிவுச்செல்வி அவர் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவர் பேசியது வேறு.

"எங்கய்யன் சாகறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரு. மதகைத் தெறக்கத் தண்ணிக்குள்ள எறங்குனவரு மேல ஏறவே இல்லையாமா. சுட்டதை எவனும் பாக்கலையாமா. அதைக் கேட்டு நாப்பத்திரண்டு வருசம் ஆச்சுங்க. நானு ஒருத்தருக்கும் சொல்லல."

ஏன் சொல்லவில்லை என்பதையும் அவரே சொன்னார். தண்ணீரில் போனவனுக்கு யார் கல் நடுவார்கள், சுடப்பட்டுச் செத்தவன் என்றால்தானே வீரன் என்று நினைத்தாராம். பகை இருக்கிற வரைக்கும் சின்னண்ணன் பெயர் இருக்கும் என்று நினைத்தாராம். அதற்காக உங்களைக் கொலைகாரர் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

சரவணக்குமார் தலை குனிந்திருந்தான். அவன் சொன்னது உஷாராணிக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாங்களும் அதைச் சொல்லித்தானுங்க மீசையை முறுக்கிட்டுத் திரிஞ்சோம். ஏரி உடையாம இருக்கத் தண்ணிக்குள்ள எறங்குன மனுசன் வீரன் இல்லாம வேற யாருங்க? அந்தக் கல்லு அப்படியே இருக்கட்டும்."

பெரியவர் துப்பாக்கிகளைப் பெட்டியில் வைத்தார். தலை எது, கால் எது என்று பார்த்துப் பழையபடியே மாற்றி வைத்தார். பிறகு உஷாராணியைப் பார்த்துக் கேட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடு, சாமி."

அவள் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து முழுவதையும் குடித்தார். எதிர்வீட்டில் நின்றிருந்த ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எல்லாரும் உடனே மாறிவிடவில்லை. காளியண்ணனின் தம்பி மகன் இன்றைக்கும் மணியக்காரர் வீட்டுப் பக்கம் தலை திருப்புவதில்லை. துளையை அவர்களே அடைத்திருப்பார்கள் என்கிறான். சரவணக்குமாரின் சித்தப்பா ஒருவர், வீட்டு மானத்தைக் கெடுத்தவள் என்று உஷாராணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். டீக்கடையிலும் நாலு பேர் சிரித்தார்கள். சரவணக்குமார் அங்கேயே உட்கார்ந்து நாற்பது நாள் காய்ச்சல் பார்த்த கதையைச் சொன்னான். இரண்டாவது தடவை சொல்லும்போது அதில் கஞ்சி, வேப்பிலை எல்லாம் சேர்ந்துவிட்டது. ஸ்டேஷனில் செங்கோட்டையன் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். சிங்கமுகத் துப்பாக்கிகள் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து வைக்க அடுத்த மாதம் வருவதாக அவர் போன் செய்திருக்கிறார்.

ஓட்டுப் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அறிவுச்செல்வி ஒரு தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறோடு நடந்தே வந்தாள். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, ஹாலைத் தாண்டி, சமையல்கட்டு நிலையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். பதினான்கு வருஷமாக இந்தச் சமையல்கட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஒழுகுகிற குழாய் எது, மூடாத அலமாரிக் கதவு எது என்று யாரும் காட்டாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் இன்னும் பெருசா இருக்கும்னு நெனச்சிருந்தேன், அக்கா" என்றாள்.

"அலமாரிக் கதவுல இடிச்சுக்காம உள்ள வா" என்றாள் உஷாராணி. நகர்ந்து, அடுப்புக்குப் பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டாள்.