பதினாலாம் பக்கத்துப் பிணைப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒவ்வொன்றிலும் தயாபரன் சேரின் முகம் தொங்கியது. கோட்டு, சூட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய கை, கீழே ‘இரசாயனவியலின் பேரரசர்’. பேரரசரின் ரியூசன் வகுப்பில் தாள் திருத்துவது கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸின் வேலை.

அணுக்கள் சேருவதைச் சேர் கலியாணமாகத்தான் படிப்பிப்பார். சோடியம் கொடைவள்ளல், தன் இலத்திரனைத் தூக்கிக் கொடுத்துவிடும். குளோரீன் கைநீட்டி வாங்கும். உப்பு என்ற சேர்வை பிறக்கும். ஐதரசனும் ஒட்சிசனும் கூட்டுக் குடும்பம், இலத்திரன்களைப் பொதுவில் வைத்துத் தண்ணீர் மூலக்கூறாய் வாழும். இதுவரைக்கும் கொன்ஸ்ரன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தாள். இந்தமுறை சேர் விவாகரத்துக்கும் போய்விட்டார். கலியாணம் முறிந்தால் வீடே கொதிக்கும், ஆகவே பிணைப்பு உடைந்தால் சக்தி வெளிவரும் என்று வகுப்பில் விற்கும் அச்சுக் குறிப்பான ரியூட்டின் பதினாலாம் பக்கத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்.

விசயம் தலைகீழ். ஒட்டியிருக்கும் அணுக்களைப் பிரிக்கச் சக்தி கொடுக்கவேண்டும்; அவை சேரும்போதுதான் அது வெளிவரும். வகுப்புச் சோதனை எழுதிய இருநூற்றெண்பது பேரில் சிவானி என்ற ஒருத்தி மட்டும் பள்ளிப் புத்தகத்தை நம்பிச் சரியாக எழுதியிருந்தாள். மற்றவர்கள் பதினாலாம் பக்கத்தை அப்படியே கக்கி வைத்திருந்தார்கள். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

ஏசி அறையில் சேர் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். கொன்ஸ்ரன்ஸ் நீட்டிய சிவானியின் தாளை எண்ணெய் விரலாலேயே வாங்கிப் பார்த்தார்.

“பிள்ளையளுக்கு இண்டைக்கே திருத்திச் சொல்லவேணும், சேர்.”

“பதினெட்டு வருசமாப் படிப்பிக்கிறன், பிள்ளை. எனக்கு நீர் படிப்பிக்க வந்தனீரோ? ரியூட்டில இருக்கிறதுக்குத்தான் மாக்ஸ். இவளுக்குப் பிழை போடும்.”

தாள் திரும்பி வந்தபோது அதில் கட்டைவிரல் அளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தது. அதைப் பார்க்கவே கொன்ஸ்ரன்ஸுக்கு அருவருத்தது. வேலை போனால் போகட்டும் என்று, மூன்று பின்னேரம் இருந்து, ஒவ்வொரு தாளிலும் கைப்பட எழுதினாள்: ‘பிணைப்பை உடைக்கச் சக்தி வேண்டும். உருவாகும்போதே வெளிவரும். ரியூட் பிழை.’ கீழே தன் பெயரையும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாள் கொடுத்ததும் மண்டபம் இரைந்தது. முன்வரிசையில் ஒருத்தி எழும்பி எது சரியென்று கேட்டாள். சேர் தாளைப் பார்த்தார், கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார், முகம் துடைத்தார். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“உதுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். வேணுமெண்டுதான் பிழையாப் போட்டனான். ஆர் யோசிக்கினம், ஆர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினம் எண்டு பாக்கவேணுமே? மிஸ்ஸைக்கொண்டு எழுதுவிச்சதும் நான்தான்.”

மண்டபம் எழும்பிக் கைதட்டியது. சிவானியும் தட்டினாள். பின்வரிசையில் விசிலடித்தார்கள். சேர் அடக்கமாகத் தலைகுனிந்து, ரியூட்டை எடுத்துத் திருத்தச் சொன்னார்.

கொன்ஸ்ரன்ஸ் வரிசைகளுக்கிடையே நடந்தாள். எல்லோரும் பதினாலாம் பக்கத்தை வெட்டிச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருத்தி ஓரத்தில் ‘சேர் சொன்னது’ என்று போட்டு இரண்டு கோடும் கீறியிருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அடுத்த வரிசையிலும் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கப் போனாள்.