வால் கயிறு

அக்காவின் இடது பூட்ஸ் கழன்றுவிட்டது. வலதுதான் வர மறுத்தது. அவன் மண்டியிட்டு, குதிகாலைத் தாங்கிப் பிடித்து மெல்ல இழுத்தான். உடை மாற்றும் அறையின் நீளப் பெஞ்சில் அக்கா படுத்திருந்தாள். அவள் முழங்கையில் மாவுக்கட்டின் வெள்ளை இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"குதிரை காலுக்குக் கட்டு போட்டு முடிச்சிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்னுதான் சொன்னாங்க," என்றாள் மயக்க மருந்து டாக்டர். "வந்து பார்க்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. மாரடைப்பு."

பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன் கைகூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தான். அக்கா அறுவை சிகிச்சை செய்யும் இந்தக் குதிரை மருத்துவமனைக்குள் அவன் வருவது இதுதான் முதல் தடவை.

"வண்டி வர நேரமாகும். நீங்க அக்காகூட இருங்க. நான் போகணும், குதிரை முழிக்கப்போகுது."

கால் ஒடிந்த குதிரை பிழைப்பது குதிரைக்கொம்பு என்பார்கள். அக்கா அந்தக் கொம்பைத் தேடியே போனவள். "குதிரை கீழே தள்ளி குழியும் பறிச்ச கதையா, ஒருநாள் உன்னையே உதைக்கப்போகுது பாரு," என்று அவன் கேலி செய்தால், வளைந்துபோன சுண்டுவிரலைக் காட்டிச் சிரிப்பாள். "அதெல்லாம் உதைச்சாச்சுடா."

ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "எலும்பைச் சேர்க்கிறது பாதி வேலைதான்டா. முழிச்சதும் அதுக்கு ஓடணும்னுதான் தோணும். திமிறி விழுந்துச்சுன்னா வச்ச பிளேட்டும் போச்சு, காலும் போச்சு. அதை நிக்க வைக்கிறதுலதான் இருக்கு மீதி." அவன் அப்போது இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டான்.

நடைபாதையில் பேச்சுக்குரல் கேட்டது. உதவியாளப் பெண் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"குதிரை எழும்பும்போது வால் கயிறை எப்பவும் மேடம்தானே பிடிப்பாங்க... என்னால முடியல டாக்டர்."

அவன் எழுந்து வந்தான். "நான் பிடிக்கிறேன்."

"உங்களை எப்படிங்க, இந்த நேரத்துல..."

"எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்."

சுவரெல்லாம் மெத்தை வைத்த அறை. மங்கிய வெளிச்சம். தரையில் செம்பழுப்பு நிறப் பெண்குதிரை ஒருக்களித்துக் கிடந்தது. முன்னங்காலில் முழங்காலைத் தாண்டியும் கட்டு. தலையிலிருந்து ஒரு கயிறும் வாலிலிருந்து ஒரு கயிறும் சுவர் வளையங்கள் வழியாக வெளியே வந்தன. தலைக்கயிறு லாயக்காரர் கையில்.

"நீங்களா இழுக்காதீங்க," டாக்டர் கிசுகிசுத்தாள். "அது எழும்பும்போது பாரத்தை மட்டும் தாங்குங்க. சத்தமே கூடாது, மேடம் மூச்சுகூட விடமாட்டாங்க."

காது அசைந்தது. தலை தூக்கியது. திடீரென்று பின்னங்கால்கள் தரையைப் பிறாண்ட, பேருடல் பாதி எழுந்து சரிந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவன் விடவில்லை. இத்தனை வருஷம் இந்தக் கனத்தைப் பிடித்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்கு வந்து, எதுவுமே நடக்காதவள் மாதிரி டீ போட்டுக் குடித்திருக்கிறாள்.

"இப்போ!" என்றார் லாயக்காரர்.

குதிரை மறுபடி எழும்பியது. அவன் முழு உடம்பையும் பின்னால் சாய்த்தான். நான்கு கால்கள். தள்ளாட்டம். கட்டுப் போட்ட கால் ஒரு கணம் அந்தரத்தில் தயங்கியது. பிறகு மெதுவாகத் தரையைத் தொட்டது, அழுந்தியது. நின்றது.

டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கயிறை விட்டுடலாங்க," என்றார் லாயக்காரர். அவர் இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் அவன் விரல்கள் பிரிந்தன.

அப்போது போன் அதிர்ந்தது. அம்மா.

"எங்கடா இருக்க? அக்கா போனையே எடுக்க மாட்டேங்கிறா. காலையில ஏதோ குதிரைன்னு ஓடினாளே, எந்திரிச்சிடுச்சாமா?"

"எந்திரிச்சிடுச்சும்மா."

"அதானே, அவளா விடுவா! நீ அங்கயா இருக்க? சரி, போனை அவகிட்ட குடு."

லாயக்காரர் வாளியை உள்ளே வைத்தார். குதிரை கழுத்தைத் தாழ்த்தி, நீளநீளமாக உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்தது.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தச் சத்தத்தின் பக்கம் நீட்டியபடி நின்றான்.