பழைய அளவு

வீட்டில் என்னைச் சின்னவன் என்பார்கள். வயது இருபத்தேழு. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது இருப்பது, போதையிலிருந்து மீள்பவர்கள் தங்கும் விடுதி ஒன்றின் மாடி அறையில். வேலையும் இங்கேதான். கிடங்கில் பெட்டி தூக்குகிறேன் என்று அம்மாவிடமும் அக்காவிடமும் இன்றுவரை சொல்லி வந்தது பொய். அங்கே முதல் வருடம் மட்டும்தான் இருந்தேன். முதுகுவலிக்கு மாத்திரை, மாத்திரை போதாமல் பொடி, பொடிக்காகத் திருட்டு, திருட்டுக்குப் பதினெட்டு மாதம் சிறை. "முதலாளி திட்டுவாரும்மா" என்று பாதியிலேயே போனை வைத்துவிடுவேனே, அந்தக் காலம்தான்.

இப்போது என் வேலை, சிறை வாசலில் நிற்பது. விடுதலையாகி வருகிறவரை விடுதிக்குக் கூட்டி வருவேன். முதல் இரண்டு வாரம் அவரை விட்டு நகரமாட்டேன். வேலையில் சேர்ந்த அன்றே விடுதியின் நர்சக்கா சொன்னார்:

"வணக்கம் சொல்ல மறந்தாலும் பரவாயில்ல. 'பழைய அளவு எடுத்தா செத்துடுவ'ன்னு சொல்ல மட்டும் மறந்துடாத. உள்ள இருந்த நாள்ல உடம்புக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு போயிருக்கும். ஆளுக்குப் பழைய நெனப்புதான் இருக்கும். கூட்டிட்டுப் போக வர்றவங்க கிட்டயும் சொல்லிடு."

போன மாதம் பெயிண்டர் வெளியே வந்தார். சிறையில் பதினோரு மாதம் நானும் அவரும் ஒரே அறை. காரை பெயர்ந்த சுவரைப் பார்த்து, "இப்படி ஒரு செவுத்த நான் அடிச்சுக் குடுத்திருந்தா, அன்னிக்கே என்னை உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க" என்பார். நான் இந்த வேலையில் சேர்ந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். "டேய், உன் வேலைய எனக்கும் வாங்கிக் குடு. ஜெயில் சர்ட்டிபிகேட் என்கிட்டயும் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்கு, துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் நகர்வதற்குள் காரிலிருந்து அவருடைய அண்ணன் இறங்கி வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சகவாசமே இனிமே அவனுக்கு வேணாம்."

"அண்ணே, விடுதியில அவருக்கு இடம் போட்டு வெச்சிருக்கோம்."

"எதுக்கு, நாலு பேர் பாத்துச் சிரிக்கவா? ரெண்டு வருஷமா தொடாம இருந்திருக்கான், திருந்திட்டான். வீட்ல மாடி ரூம் இருக்கு. யார் கண்ணுலயும் படாம ஒரு மாசம் கெடக்கட்டும்."

காரில் பெயிண்டரின் மனைவி புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். நல்ல நாளும் அதுவுமாகச் சாவுப் பேச்சை எடுப்பதா என்று எனக்கு வாய் வரவில்லை. நானே உள்ளே கிடந்தவன், இவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்றும் பட்டது. விடுதி நம்பர் எழுதிய சீட்டைப் பெயிண்டரின் சட்டைப்பையில் வைத்தேன்.

"ரெண்டு நாள்ல வந்துடறேன்டா. வேலைக்குச் சொல்லி வை" என்றார். கார் கிளம்பிவிட்டது.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அண்ணன் போன் செய்தார். மாடிக் கழிப்பறைக் கதவை உடைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில், உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது என்று சொல்லிவிட்டார்களாம். நான் போனபோது அண்ணன் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பவும் எடுக்கிறதைத்தான் எடுத்திருக்கான் தம்பி. முன்னாடியெல்லாம் அதைப் போட்டுட்டு ஏணி ஏறி வேலை பாப்பான். இப்ப மட்டும் எப்படி?"

நர்சக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்ணே."

"அன்னிக்கு வாசல்ல நிக்கும்போதே?"

"தெரியும்."

கிரீஸ் படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்தார்.

"நான் உங்களைப் பேச விடல. அதுக்கு நான்தான் பொறுப்பு. ஆனா நீங்க என் சட்டையப் பிடிச்சாவது சொல்லியிருக்கணும். நான் கௌரவத்தப் பாத்தேன். நீங்க மரியாதையப் பாத்தீங்க. அவனை யாருமே பாக்கலியே தம்பி."

வேலையை விட்டுவிடுகிறேன் என்று நர்சக்காவிடம் சொன்னேன். அவர் தேற்றவில்லை. "நாளைக்கு ஒருத்தர் வெளிய வர்றார். ஒம்பது மணிக்கு" என்றார். போனேன். வந்தவரின் மாமியார் காதில் விழும்படி அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "வாயைக் கழுவுடா" என்று திட்டினார். திரும்பவும் சொன்னேன். அதனால் பெயிண்டர் எழுந்து வரப்போவதில்லை. தூக்கம் வருவதில்லை.

அம்மா, அக்கா, இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ உங்கள் வீட்டு ஆள் திரும்பி வந்தால், திருந்திவிட்டார் என்று நம்பி அறைக்குள் ஒளித்துவைக்காதீர்கள். வெட்கம் ஆளைக் காப்பாற்றாது. பழைய அளவு கொன்றுவிடும் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு வாரம், கழிப்பறைக்குப் போனாலும் கதவைத் தாழ் போடவேண்டாம் என்று சொல்லி, யாராவது ஒருவர் வெளியே நில்லுங்கள்.