தாணேயிலிருந்து கல்யாண் வரை

"ஆண்டவர்கிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்போல இருக்குங்க" என்றாள் ரோசம்மா.

ஞானசேகரன் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "பேசேன். நானா குறுக்க நிக்கேன்?"

"எங்க வச்சுப் பேச?"

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை, ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஷாகுல் ஹமீதின் தோல்பை தைக்கும் மிஷின்கள் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன.

"கோயிலுக்குப் போ."

"போனேனே. முழங்கால் போடுமுன்ன ஷைனி வந்துட்டா. 'அக்கா, மவனுக்கு குவைத் விசா, மறந்துராதீங்க'ன்னு."

தாராவியில் ரோசம்மாவின் ஜெபத்துக்கு அப்படியொரு பேர். எந்த வீட்டில் கூட்டம் நடந்தாலும் முடிவு ஜெபம் அவள்தான். விசா, மூட்டுவலி, மருமகள், வராத தண்ணீர் என்று ஜெபக்குறிப்புகள் போனில் வந்து குவியும். கண்ணை மூடினால் வாய் தானாக அவற்றைச் சொல்லத் தொடங்கிவிடும். நாற்பது வருடமாக அடுத்தவர் மனுவோடுதான் ஆண்டவர் முன்னால் நிற்கிறாள். மனு இல்லாமல் போய் நின்றால் தன்னை அவருக்கு அடையாளம் தெரியுமா? அந்தச் சந்தேகம்தான் சில நாட்களாக அவளை அரித்தது.

"ரயில்ல போறேன். அம்பர்நாத் வரைக்கும். அங்க என்னை யாருக்கும் தெரியாது."

"ஏளா, ஆண்டவரப் பாக்க அம்பர்நாத்தா?"

"நீங்க சும்மா இருங்க."

சயானில் ஏறினாள். பெண்கள் பெட்டியில், காட்கோபரில் இறங்கிய ஒருத்தியின் இடம் கிடைத்தது. கண்ணை மூடினாள். 'ஆண்டவரே, நான் ரோசம்மா...'

"ஆன்ட்டி, கிதர் உத்தர்னா?"

உட்கார்ந்திருப்பவள் எங்கே இறங்குவாள் என்று கேட்டு இடம்பிடித்து வைப்பது அந்தப் பெட்டியின் சட்டம்.

"அம்பர்நாத்."

கேட்டவள் முகம் சுருங்கியது. 'ஆண்டவரே, நான்...'

"மௌஸி, கிதர்?"

முலுண்டு வருவதற்குள் ஐந்து பேர் கேட்டாயிற்று. அவளும் தன் பெயரைத் தாண்டவில்லை. தாணேயில் ஒரு கூட்டம் ஏறியது.

"ரோசம்மாக்காவா? கண்ண மூடியிருக்கீங்க, தலசுத்தா?"

அடுத்த சந்து நஜ்முன்னிசா.

"ஜெபம் பண்ணுதேன், நஜ்மு."

"அப்ப என் மவ பிரசவத்தையும் சேத்துச் சொல்லிருங்க. தாணேயில ஒரு வேலைய முடிச்சிட்டு அவளப் பாக்கத்தான் கல்யாணுக்குப் போறேன். நீங்க சொன்னா கேப்பாராமே."

ரோசம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் சொல்லுததக் கேக்காரு. என்கிட்ட ஒரு வார்த்த பேசுதாரா?"

"நீங்க வாய மூடுனாத்தானக்கா!" என்றாள் நஜ்முன்னிசா.

சுருக்கென்றது. "இங்க உக்காரு, மூட்டுவலிக்காரி" என்று எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டு, கோபத்தில் கூட்டத்துக்குள் போய் நின்றாள்.

முழங்கால் போட வழியில்லை. கையைத் தூக்க முடியவில்லை. வாய் முன்னால் நின்றவளின் மல்லிகைச் சரத்தில் அழுந்திக் கிடந்தது. ஸ்தோத்திரம் சொன்னால் பூவைத்தான் தின்னவேண்டும். எதையும் பிடிக்கவில்லை, விழவுமில்லை. நாலு பக்கமும் யாரோ தாங்கினார்கள். விசா, மூட்டு, தண்ணீர் எல்லாம் ஒவ்வொன்றாக நழுவிப் போயின. அவள் நின்றாள். தனியாக நிற்பதுபோல் இல்லை.

கல்யாணில் கூட்டம் அவளையும் சேர்த்துத் தள்ளி இறக்கியது. அம்பர்நாத் போகாமலே திரும்பினாள்.

"பேசினியா?" என்றார் ஞானசேகரன்.

"இல்ல."

"ஷைனி மவன் விசா?"

"ஐயோ, மறந்துட்டேன்!" அவள் முகத்தில் வருத்தமே இல்லை.

"பொறவு என்னத்தத்தான் பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. தாணேயிலருந்து கல்யாண் வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா நின்னோம்."

ஞானசேகரன் செய்தித்தாளை மடித்தார்.

"அவருக்கும் சீட்டு கெடைக்கலயா?"